‘பின்னே?’ என்று கேட்கும் அம்மச்சி

காட்டாக்கடையிலிருந்து நெய்யாறு அணைக்குப் போகும் சாலையை விட்டு ரப்பர் தோட்டங்களுக்குள் திரும்பினால், காலை ஒன்பது மணி வாக்கில் ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அம்மச்சி காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். கால்களின்மேல் மூன்று மாதக் குழந்தை மல்லாந்து கிடக்கும். பக்கத்தில் உருக்கெண்ணெய்க் கிண்ணம், வெயிலில் வைத்துச் சூடாக்கிய தண்ணீர். மார்பிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து விரல் நுனிக்கும் எண்ணெய் வழித்துக்கொண்டே வரும்போது குழந்தை ‘ங்ஙூ’ என்கிறது. கை நின்றுவிடுகிறது. “அப்பிடியா மக்ளே? பின்னே?” என்று கேட்டுவிட்டு அம்மச்சி அதன் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறார். இரண்டு மூன்று நொடி கழிகிறது. குழந்தை காலை உதைத்து, வாயைக் கோணி, இன்னொரு ‘ங்ஙூ’ சொல்கிறது. “அய்யோ, அதுவும் நடந்துதா?” என்கிறார் அம்மச்சி.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு மூன்று நொடிக் காத்திருப்பைப் பற்றியது. கைக்குழந்தையோடு பேச வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பேசுவதைவிடப் பெரிய வேலை, பேசிவிட்டு நிறுத்துவது. குழந்தையின் முறை வரும் என்று நம்பிக் காத்திருப்பதும், வந்ததற்குப் பதில் கொடுப்பதும்தான் மூளையை வளர்க்கும் செயல் என்று கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

பிறந்த குழந்தையின் மூளை, எடையில் பெரியவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்கு. இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்குக்கு வந்துவிடுகிறது. கூடுவது எடை மட்டும் அல்ல. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் தேவைக்கு மிஞ்சி முளைக்கின்றன. பிறகு பயன்பட்டவை உறுதிப்பட, பயன்படாதவை உதிர்கின்றன. எதைத் தக்கவைப்பது, எதை விடுவது என்று மூளை பெருமளவு அனுபவத்தைப் பார்த்தே தீர்மானிக்கிறது. அந்த வயதில் குழந்தைக்கு வாய்க்கும் அனுபவத்தில் பெரும்பகுதி ஒரு முகம், ஒரு குரல், ஒரு கை. அது பெரும்பாலும் தாயுடையது. ஆய்வுகளும் அதனால் தாயையே எடுத்துக்கொண்டன. குழந்தையின் கணக்கில் ‘தாய்’ என்பது நாள்தோறும் தவறாமல் பதில் தருபவர். அது அம்மச்சியாகவும் இருக்கலாம், அப்பாவாகவும் இருக்கலாம்.

குழந்தை வெறும் கையோடு வந்து சேர்வதில்லை. 1980இல் அந்தோணி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாளுக்குள் இருந்த குழந்தைகளுக்கு ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தாயின் குரலை வரவழைக்கத் தங்கள் சப்பலை மாற்றிக்கொண்டன. வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்டுப் பழகிய குரல் அது. கண் அப்போது அவ்வளவு தெளியவில்லை. 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவுதான் ஓரளவு துலங்கும். பால் குடிக்கும் குழந்தையின் கண்ணுக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தொலைவும் கிட்டத்தட்ட அதுதான்.

பதிலின் வலிமையைக் காட்டிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மைக்கேல் கோல்ட்ஸ்டைன் குழுவினர் 2003இல் வெளியிட்டது. எட்டு மாதக் குழந்தைகள் மழலை பேசிக்கொண்டு விளையாடுகின்றன. ஒரு பாதித் தாய்மாரிடம், குழந்தை குரல் எழுப்பிய உடனே சிரியுங்கள், நெருங்குங்கள், தொடுங்கள் என்று சொன்னார்கள். மறு பாதித் தாய்மாரும் அதே அளவு சிரித்தார்கள், தொட்டார்கள். ஆனால் தங்கள் குழந்தையின் குரலுக்கு அல்ல. ஆய்வாளர் சொன்ன நேரத்தில். அன்பின் அளவு இரு பக்கமும் சமம். ஆயினும் உடனுக்குடன் பதில் பெற்ற குழந்தைகளின் மழலைதான் அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே முதிர்ந்தது. மெய்யும் உயிரும் கூடிய, சொல்லின் சாயல் கொண்ட ஒலிகள் அவற்றுக்கு அதிகம் வந்தன. அன்பு இருந்தால் போதாது, அது குழந்தையின் குரலுக்குப் பின்னால் வர வேண்டும். அம்மச்சியின் ‘பின்னே?’ செய்வது இதைத்தான்.

பதில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை எட்வர்ட் ட்ரோனிக் 1978இல் எழுதினார். தாய் முதலில் குழந்தையோடு வழக்கம்போல் கொஞ்சுகிறாள். பிறகு சில நிமிடங்களுக்கு முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்க்கிறாள். தொடவில்லை, பேசவில்லை. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. குரல் கொடுக்கிறது. கையை நீட்டுகிறது. தனக்குத் தெரிந்த வித்தைகளை எல்லாம் காட்டுகிறது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு தளர்ந்துவிடுகிறது. தாய் மறுபடி சிரித்ததும் பெரும்பாலும் தேறிவிடும் என்பது ஆறுதல். அந்தப் படச்சுருளைப் பார்த்த யாருக்கும், கைக்குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாய் வராது. அலைபேசித் திரையில் கண் பதிந்த முகமும் குழந்தைக்குச் சலனமற்ற முகம்தான்.

காட்டாக்கடைப் பகுதியின் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. 1956 நவம்பர் 1 அன்று எல்லை வரையப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. உறவுகள் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. பாறசாலையில் பெண் எடுத்தவர் களியக்காவிளையில் இருப்பார். வெள்ளறடைப் பக்கத்துக் குழந்தைக்கு அம்மச்சி தமிழில் கொஞ்சுவார், அப்பா மலையாளத்தில் ‘வாவே’ என்பார். குழந்தை குழம்பிவிடாதா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

குழம்பாது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு, நம் காதுக்கு மிக நெருக்கமான இரண்டு ஒலிகளை எடுத்துக்கொண்டது. நாக்கு பல்லைத் தொடும் ‘த’, நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும் ‘ட’. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு காதில் ஏறாது. ஆனால் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் பிரித்தறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் மங்கிவிட்டது. தன்னைச் சுற்றிப் புழங்கும் மொழிக்கு மூளை தன்னைப் பொருத்திக்கொள்கிறது. மலையாளத்தில் வல்லின ‘க’வுக்கு நான்கு எழுத்துகள், மூச்சு சேர்ந்தது வேறு, சேராதது வேறு. தமிழில் ஒரே எழுத்து. காட்டாக்கடைக் குழந்தை இரண்டு ஏற்பாட்டையும் கேட்கிறது. இரண்டுக்கும் இடம் ஒதுக்கிக்கொள்கிறது.

வீட்டில் ஓயாமல் ஓடும் தொலைக்காட்சியிலிருந்து இப்படி ஒரு மொழியைக் குழந்தை பிடித்துக்கொள்ளுமா என்றால், அதற்கும் ஒரு சோதனை விடை சொல்கிறது. 2003இல் பாட்ரிசியா கூல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர்களை அழைத்துவந்து 12 அமர்வுகள் விளையாடவும் கதை சொல்லவும் வைத்தார். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே கதை, அதே நேரம், ஆனால் திரையில் மட்டும் என்று காட்டப்பட்ட குழந்தைகள் எதுவும் கற்கவில்லை. திரைக்குப் ‘பின்னே?’ என்று கேட்கத் தெரியாது.

சரி, இதெல்லாம் மாதக்கணக்கில் நடக்கும் மாற்றங்கள். பள்ளிக்கூட வயதில் என்ன மிஞ்சுகிறது? சட்டைப் பையில் வைக்கும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு 146 அமெரிக்கக் குழந்தைகளின் நாளை முழுதாகப் பதிவு செய்த ஓர் ஆய்வின் தொடர்ச்சி 2018இல் வெளியானது. அந்தக் குழந்தைகள் 9 முதல் 14 வயது ஆனபோது அவர்களின் அறிவுத்திறனையும் மொழித்திறனையும் அளந்தார்கள். 18 முதல் 24 மாத வயதில் பெரியவரும் குழந்தையும் எத்தனை தடவை மாறி மாறிப் பேசிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கை, பத்தாண்டு கழித்து எடுத்த மதிப்பெண்ணோடு தெளிவாகத் தொடர்பு கொண்டிருந்தது. குழந்தையின் காதில் விழுந்த மொத்தச் சொற்களைவிட இந்தக் கொடுக்கல் வாங்கலே முக்கியமாகத் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். குழந்தையோடு நிறையப் பேசும் தாய், தன் மரபணுவையும் அந்தக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் படித்தவளாக, வருமானம் உள்ளவளாக இருக்கலாம். அல்லது குழந்தை இயல்பிலேயே துறுதுறுப்பானதாக இருந்து, அதனாலேயே தாய் கூடுதலாகப் பேசியிருக்கலாம். தொடர்பு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. இந்தச் சிக்கலை அவிழ்க்க நம்பகமான வழி, சீட்டுக் குலுக்குவதுபோல் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் உதவி கொடுத்துப் பார்ப்பது.

அப்படி நடந்தவற்றுள் மனத்தை அதிகம் உலுக்குவது ருமேனியாவில் நடந்தது. 1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோது, அரசு விடுதிகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். சோறு கிடைத்தது, உடை கிடைத்தது. ஒரு பணியாளருக்கு ஏராளமான தொட்டில்கள். அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தைகள் அழுவதை நிறுத்தியிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா மூவரும் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். 42 மாத வயதில் விடுதியிலேயே தங்கியவர்களின் வளர்ச்சி மதிப்பெண் சராசரி 77. குடும்பங்களுக்குப் போனவர்களுக்கு 86. சொந்த வீட்டில் வளர்ந்த ருமேனியக் குழந்தைகளுக்கு 103. இரண்டு வயதுக்கு முன்னால் குடும்பம் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

ஜமைக்காவில் நடந்தது நம் நாட்டு நிலைமைக்கு இன்னும் நெருக்கம். 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகள். சாலி கிராந்தம்-மெக்ரெகர் வகுத்த திட்டப்படி, சுகாதாரப் பணிப்பெண்கள் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் சில வீடுகளுக்குப் போய், வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான். இன்னொரு பிரிவுக்குச் சத்துணவு மட்டும் கொடுத்தார்கள். சத்துணவின் பயன் நெடுநாள் நிலைக்கவில்லை. விளையாட்டின் பயன் நிலைத்தது. அந்தக் குழந்தைகள் 22 வயதானபோது, உதவி பெறாதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று 2014இல் கணக்கிட்டார்கள்.

காட்டாக்கடையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி. அதன் வளாகத்தில் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் குழந்தை வளர்ச்சி மையமும் இருக்கின்றன. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்துக் குறைமாதக் குழந்தைகளும் எடை குறைந்த குழந்தைகளும் போய்ச் சேரும் இடம் அது. மையத்தை உருவாக்கிய டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவர் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய 800 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவின் தாய்மாருக்கு, குழந்தையைத் தூண்டி வளர்க்கும் முறைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டில் தாய் தன் கையால் செய்யக்கூடியவை. சராசரி 100 என்று வைத்து அளக்கும் பெய்லி அளவுகோலில், மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது, ஒரு வயதில் அந்தப் பிரிவுக் குழந்தைகள் 5.8 புள்ளி முன்னே இருந்தார்கள். இரண்டு வயதில் முன்னிலை 2.8 புள்ளி.

இந்த இறக்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை. 5.8 என்பது 2.8 ஆகக் குறுகியிருக்கிறது. முதல் ஆண்டில் ஊன்றியது தானாகவே வளர்ந்துகொண்டு போகாது, தொடர்ந்து தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் 800 குழந்தைகளின் சராசரியில், ஒரு விலையுயர்ந்த கருவியும் இல்லாமல், ஆபத்தான தொடக்கத்தோடு வந்தவர்களிடம் கிடைத்த முன்னிலை அது. என் கண்ணுக்குப் பெரியதாகவே தெரிகிறது.

தாயின் பதில் இவ்வளவு முக்கியம் என்றால், பதில் சொல்லும் நிலையில் தாய் இருக்கிறாளா என்று கேட்க வேண்டாமா? கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பேறு முடிந்த ஆறு முதல் எட்டு வாரத்தில் 23 சதவீதத் தாய்மாருக்கு மனச்சோர்வு இருந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்டதில், அப்படிச் சோர்ந்த தாய்மாரின் குழந்தைகள் ஆறு மாதத்தில் எடையிலும் மன வளர்ச்சியிலும் பின்தங்கியிருந்தது தெரிந்தது. சோர்ந்த தாய் குழந்தையை நேசிக்காமல் இல்லை. அவளுக்கு ‘பின்னே?’ என்று கேட்கத் தெம்பு இல்லை. ட்ரோனிக்கின் சோதனையில் சில நிமிடம் நீடித்த அந்தச் சலனமற்ற முகம், அவள் வீட்டில் மாதக்கணக்கில் நீடிக்கிறது. கேரளத்தில் ‘அம்ம மனஸ்’ என்ற திட்டத்தின் கீழ், களப்பணி செய்யும் நர்சுகளே கர்ப்பிணிகளிடமும் பிள்ளை பெற்றவர்களிடமும் மனநிலை பற்றிக் கேட்கப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். தடுப்பூசி அட்டையைப் பார்க்க வருகிறவர், “ராத்திரி உறக்கம் வருதா மோளே?” என்று சேர்த்துக் கேட்பது குழந்தையின் மூளைக்கும் மருந்து.

தாயைக் குற்றவாளி ஆக்கும் பழைய பிழை ஒன்று இந்தத் துறையில் நடந்திருக்கிறது. 1950, 60களில், தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் குழந்தைக்கு ஆட்டிசம் வருகிறது என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் எழுதினார்கள். அது பொய். ஒரு தலைமுறைத் தாய்மார் அந்தப் பொய்யைச் சுமந்தார்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எந்த வீட்டிலும் யாரும் மருமகளைப் பார்த்து, நீ பேசாததால்தான் பிள்ளை பேசவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. குழந்தை பேசத் தாமதித்தால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நேரமும் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. 2017 முதல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ள பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. விடியுமுன் சிறு தோட்டங்களில் ரப்பர் வெட்டப் போகிறவளுக்கும், தொழிலுறப்பு என்னும் அரசு வேலை உறுதித் திட்டத்துக்குப் போகிறவளுக்கும் அது கிடையாது. முதல் பிள்ளைக்கு மத்திய அரசுத் திட்டத்தில் 5,000 ரூபாய் உண்டு. அதை 26 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 200 ரூபாய்கூட வராது. குழந்தையின் முதல் ஆறு மாதத்தில் தாய் அருகில் இருப்பது இவ்வளவு முக்கியம் என்று தெரிந்த பிறகும், அது மாதச் சம்பளக்காரருக்கு மட்டும் உரிய வசதியாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அம்மச்சிகள்தாம் இன்று அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திருவனந்தபுரம் மையம் நாட்டுக்குக் கொடுத்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1991இல் வெளியான ‘திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை’ ஒரே ஒரு தாள். பிறப்பு முதல் இரண்டு வயது வரை 17 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடைக்கோடு, இந்த மாதத்துக்குள் இது வந்துவிட வேண்டும் என்று. அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையின் மாதத்தில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைப்பார். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன எந்தச் செயலையாவது குழந்தை செய்யவில்லை என்றால் மேல்சோதனைக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும் போதும். வளர்ச்சி தாமதித்த மூன்று குழந்தைகளில் ஏறக்குறைய இரண்டைத்தான் இது கண்டுபிடிக்கும் என்பது குறை. ஆனால் சில நிமிடங்களில் முடிகிற, மருத்துவர் இல்லாத இடத்திலும் செய்யக்கூடிய சோதனை இது.

அந்தத் தாளை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வந்தது. மூன்றாம் மாதக் காப்பு தொடங்கி 21ஆம் மாதம் வரை பத்துப் பருவங்கள். கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம் என்று இலக்கணக்காரர்கள் வகுத்தார்கள். அட்டவணையிலும் கைதட்டி விளையாடுவது ஒரு செயலாக, முதல் ஆண்டின் பிற்பாதியில் இருக்கிறது. தளர்நடைக்கு வாரானை. நிலாவைக் காட்டி அழைக்கும் அம்புலி. தாயும் குழந்தையும் ஒரே பொருளைச் சேர்ந்து பார்ப்பது, சொல் கற்பதற்கான வாசல் என்று இன்றைய உளவியல் சொல்கிறது. நம் புலவர்கள் ஆய்வு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வீட்டு முற்றத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அட்டவணையின் முதல் வரிசையில் இருப்பது பதில் சிரிப்பு. கடைசி வரிசைகளில் ஒன்று, பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டுவது. எல்லையோர வீட்டுத் திண்ணையில் அதைச் சோதிப்பது ஓர் அழகு. பணியாளர் பொம்மையை நீட்டி, “மூக்கு எவிடே?” என்று மலையாளத்தில் கேட்பார். குழந்தை தயங்கினால் அம்மச்சி முந்திக்கொண்டு, “மூக்கு எங்க மக்ளே?” என்பார். கண்ணு, மூக்கு, வாய், செவி, கை, கால் என்று இரண்டு மொழிக்கும் அவை ஒரே சொற்கள். குழந்தை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். பிறகு பொம்மையை விட்டுவிட்டு, அம்மச்சியின் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்.